அந்த அறையில் கேட்கப்பட்டது உன் குரல் மட்டும்

மகனே,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபமாக இருந்தாலும் ஸலாத்தை விடக் கூடாது என்று பழகியதால் இதைச் சொல்லித் தொடங்குகிறேன். இதற்குப் பிறகு வருவதெல்லாம் கோபம்தான். போனில் சொன்னால் "சரி உம்மா, பிறகு கதைப்பம்" என்று நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் கண்ணுக்கு மட்டும் என்று நினைத்தும் எழுதவில்லை. நீ பேசியது ஊரெல்லாம் கேட்கத்தானே, என் பதிலையும் ஊர் கேட்கட்டும்.

லண்டனில் ஏதோ ஒரு மண்டபத்தில், நம் நாட்டு ஆட்கள் கூடியிருந்த இடத்தில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நீ பேசிய வீடியோ இங்கே ஒவ்வொரு போனுக்கும் வந்துவிட்டது. நம் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற விடமாட்டோம் என்றாய். மாற்றம் கேட்கிறவர்கள் வெளிநாட்டுக் காசுக்குக் கூவுகிறவர்கள் என்றாய். கை தட்டினார்கள். தட்டியதும் உனக்கு இன்னும் சூடேறிவிட்டது. "எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், என் உம்மாவை, என் தங்கச்சியைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு குறையும் இல்லை" என்றாய். உன் தங்கச்சி தான் படிப்பிக்கிற பாலர் பாடசாலையால் வந்து புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் போனை என் கையில் தந்து, "நானா நல்லாத்தான் கதைக்கார் உம்மா" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். அவள் அழுதிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

எங்களைக் கேட்கச் சொன்னாய். யாரும் வந்து கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

சட்டத்தைப் பார்த்துக் கோபப்பட உனக்கு உரிமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உன் வாப்பாவை இந்த நாட்டின் சட்டம் எப்படி அனுப்பி வைத்தது என்பதை நான் என் கண்ணால் கண்டவள். கொரோனா நேரம் மூச்சிரைப்பு என்று ஆஸ்பத்திரியில் விட்டோம். மௌத்தான பிறகுதான் நோய் இருந்ததாகச் சொன்னார்கள். குளிப்பாட்ட விடவில்லை, கபனிட விடவில்லை. ஜனாஸாத் தொழுகைக்கு ஆட்கள் பள்ளியில் காத்துக்கொண்டு நிற்க, மையித்தை எரிக்கக் கொண்டுபோனார்கள். புதைத்தால் நோய் பரவாது என்று உலகத்து வைத்தியர்களெல்லாம் சொன்ன பிறகும் எரித்தார்கள். சம்மதம் என்று கையெழுத்து வைக்கச் சொன்னபோது நான் வைக்கவில்லை. வைக்காமலே எரித்தார்கள். கடைசியில் சாம்பலை ஒரு முட்டியில் கொண்டுவந்து நீட்டியபோது உன் தங்கச்சிதான் வாங்கினாள், எனக்குக் கை வரவில்லை. பிறகு அடக்கலாம் என்றார்கள், அதற்கும் எல்லா ஊர் மையித்தையும் ஓட்டமாவடி என்ற ஒரே இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வருஷங்கள் கழித்து, செய்தது பிழை என்று அரசாங்கம் வருத்தம் தெரிவித்தது. அந்த வருத்தத்தை எந்த மையவாடியில் கொண்டுபோய் அடக்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த நாளில் நீ குளிரில் தூதரகத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியோடு நின்றாய். நாங்கள் இங்கே கேற்றில் வெள்ளைத் துணி கட்டினோம். எரிக்கப்படுகிறவனைக் கேட்காமல் எழுதியதைச் சட்டம் என்று சொல்லாதே என்று நீ கத்தியதைக் கேட்டு, இவன் என் வயிற்றில் பிறந்தவன் என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையால்தான் இன்றைக்கு இவ்வளவு எரிகிறது.

இனி உன் தங்கச்சியின் கலியாணக் கதைக்கு வா. வாப்பா இல்லாததால் அவளுக்கு வொலியாக, நிகாஹ் முடித்துக் கொடுக்கிற பொறுப்பாளியாக, நீ லீவு போட்டு வந்தாய். நம் பகுதியில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. அந்த வீட்டை நீதான் கட்டினாய். பகலும் இரவும் வேலை செய்து அனுப்பினாய், அதை நான் ஒரு நாளும் மறுக்க மாட்டேன். கூடத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நீ நிகாஹ் முடித்துக் கொடுத்தாய், பதிவில் நீ கையெழுத்து வைத்தாய், அவன் வைத்தான், சாட்சிகள் வைத்தார்கள். அவள் உள்ளறையில் பெண்களுக்கு நடுவில் தலை குனிந்து இருந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கை பிடித்துப் பெயர் எழுதப் பழக்குகிறவள். அவளுடைய சொந்தக் கலியாணத்தின் பதிவில் அவள் கையெழுத்து இல்லை. சட்டம் அதைக் கேட்கவில்லை. கேட்காததைத்தான் நீ மண்டபத்தில் குறையில்லை என்றாய்.

அவளுடைய மாப்பிள்ளை நெல் வாங்கி விற்கிறவன். போகம் வெட்டும் காலத்தில் வீட்டுக்கு வராமல் இருப்பது வழமை என்று முதலில் நினைத்தோம். வந்த நாட்களில் அவன் கை நீண்டதை அவள் என்னிடம் மறைத்தாள். நான் காலமெல்லாம் மிட்வைஃபாக இருந்தவள், உடம்பைப் பார்த்தால் எனக்குத் தெரியும். கேட்டபோது குளியலறையில் வழுக்கினேன் என்றாள். கிளினிக்கில் எத்தனையோ பெண்கள் என்னிடம் சொன்ன அதே குளியலறை. பிறகு ஒரு நாள், பாலர் பாடசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிவந்த ஒரு தாய்தான் வாசலில் வைத்து அவளிடம், "டீச்சர், உங்கட அவர் மற்ற ஊருல கலியாணம் முடிச்சிட்டாராமே, மெய்யா?" என்று கேட்டாள். முதல் மனைவியின் சம்மதம் தேவையில்லை என்பதும் நீ காப்பாற்றத் துடிக்கிற அதே சட்டம்தான். அன்றைக்கும் அவள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அதன் பிறகும் அவன் நினைத்த நேரம் வந்து நீ கட்டிய வீட்டின் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு இருப்பான். ஒரு நாள் அவள் கதவைத் திறக்கவில்லை. அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று, சத்தம்கூடப் போடாமல், "நான் தலாக் சொல்ல மாட்டன். நீ இப்பிடியே கிட" என்றான். நான் உள்ளே நின்று கேட்டேன். அவனுக்கு விருப்பமென்றால் காரணம் சொல்லாமலே அவளை விட்டுவிட்டுப் போகலாம். அவளுக்கு அவனை விட வேண்டுமென்றால் நீதிபதியாக இருக்கிற காதியிடம் போய் பஸஹ் என்கிற விடுதலையைக் கேட்க வேண்டும், குற்றத்தை நிரூபிக்க வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் வாங்கிய அடிக்கு யாரைச் சாட்சியாகக் கூட்டிப் போவது?

அவள் வழக்கு வைத்தாள். இதுவரை நடந்தது உனக்குத் தெரியும். அந்த முதல் விசாரணை உனக்கு எப்படித் தெரியும் என்றால், போனின் அந்தப் பக்கத்தில் இருந்த குரலாகத் தெரியும். இந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று இப்போது கேள்.

காதியார் தன் வீட்டு முன் ஹோலில்தான் விசாரித்தார். பிளாஸ்டிக் கதிரைகள், ஜூரிமார் என்று உட்கார்ந்திருந்த ஆண்கள், வாசல் பக்கம் அடுத்த வழக்குக்காரர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டு. சட்டத்தரணி வரக் கூடாது. காதியார் கெட்ட மனிதர் இல்லை, ஒரு காலத்தில் பள்ளிக்கூட அதிபர், எங்களை மரியாதையாகத்தான் இருக்கச் சொன்னார். முதலில் அவனைக் கேட்டார். இவள் தன் சொல் கேட்பதில்லை, தனக்கோ சேர்ந்து வாழ ஆசை என்று அவன் சொன்னான். பிறகு அவளைப் பார்த்து, சாட்சி உண்டா என்றார். நான் எழும்பினேன். கண்ட காயங்களைச் சொல்லப் போனேன். இந்தக் கரையோரத்தில் பாதிப் பேரைப் பிறந்தவுடன் கையில் ஏந்தியவள் நான். அந்த ஜூரிமாரில் ஒருவரின் பிள்ளைகளுக்கும் பிரசவம் பார்த்திருக்கிறேன். காதியார் கையைத் தாழ்த்திக் காட்டி, "நீங்க இரிங்க, மிஸ்ஸி. இவக்கு வொலியான ஆம்புள ஒராளோட கதைச்சிட்டு முடிவெடுப்பம்" என்றார். உன் நம்பரை என்னிடம் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. அவன்தான் தன் போனிலிருந்து உன்னை எடுத்துக் கொடுத்தான். அதாவது அவன் உன்னோடு முன்னரே கதைத்து வைத்திருக்கிறான், அது எனக்கு அங்கே வைத்துத்தான் விளங்கியது.

ஸ்பீக்கரில் உன் குரல் வந்தது. "சேர், அவ கோவத்துல நிக்கா. சின்னப் புள்ளட புத்தி. கொஞ்சம் டைம் குடுத்து சேத்து வைங்க. என்ட கலியாணப் பேச்சும் நடக்குது, இப்ப இது வெளிய வந்தா குடும்பத்துக்குச் சரியில்ல" என்றாய். அவள் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "நானா" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். காதியார் ஸ்பீக்கரை நிறுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு எழும்பி உள்ளே போனார். திரும்பி வந்து, மாதங்கள் தள்ளித் தவணை போட்டார். அதற்கிடையில் சேர்ந்து வாழ முயற்சி செய்யும்படி அவளுக்குப் புத்தி சொன்னார். ஓட்டோவில் வரும்போது கல்முனைச் சந்தி தாண்டும்வரை அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்: "நான் அங்க நிண்டன்தானே உம்மா?"

அதற்கு நான் என்ன சொல்ல? நீ சொல்லு.

உன் பயம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஒரே நாடு ஒரே சட்டம் என்று இங்கே கூவினவர்கள் நம் பெண்களின் மீது இரக்கத்தால் கூவவில்லை. நம் கடைகளை எரிக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் கையால் வருகிற திருத்தம் எனக்கும் வேண்டாம். தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த வருஷத்துக்குப் பிறகு, உன் தங்கச்சி முகத்தை மூடாமல் வெறும் முக்காட்டோடு போனபோதே ஓர் அலுவலக வாசலில் அதைக் கழற்றச் சொன்னான் ஒரு காவலாளி. அவள் கழற்றாமல் திரும்பி வந்தாள். நம்மைச் சுற்றி ஆட்கள் கத்தியோடு நிற்கும்போது வீட்டுக்குள் சண்டை பிடிக்காதீர்கள் என்று சொல்வது லேசு. வீட்டுக்குள் அடி வாங்குகிறவளுக்கு வெளியே நிற்கிறவனின் கத்தி எந்த விதத்தில் ஆறுதல்?

நீ எனக்கு அனுப்புகிற செய்திகளையெல்லாம் நான் படிக்கிறேன். பிரான்சில் பள்ளிக்கூடப் பிள்ளையின் முக்காட்டைச் சட்டம் கழற்றுகிறது என்று அனுப்பினாய். இந்தியாவில் ஒரு மாநிலத்தில் வகுப்பு வாசலில் பிள்ளைகளை மறித்ததை அனுப்பினாய். இரண்டும் அநியாயம், நானும் அழுதேன். ஆனால் ஈரானில் முக்காடு சரியில்லை என்று பிடித்துக்கொண்டு போன பெண்ணைப் பற்றி நீ அனுப்பவில்லை. ஆப்கானிஸ்தானில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தியதை அனுப்பவில்லை. நான் தேடித்தான் படித்தேன். ஒரு நாட்டில் கழற்று என்கிறான், இன்னொரு நாட்டில் போடு என்கிறான். அந்தத் தலைக்குச் சொந்தக்காரியை எந்த மேசையிலும் உட்கார வைக்கவில்லை. நீ பாதிச் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டு அதற்கு மார்க்கம் என்று பெயர் வைக்கிறாய்.

மார்க்கத்தை எனக்கு நீ படிப்பிக்க வேண்டாம். நபியவர்களின் காலத்தில், இந்த மனிதரோடு என்னால் வாழ முடியாது என்று ஒரு பெண் நேரே அவர்களிடமே போய்ச் சொன்னாள். அவளுடைய நானாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார்கள், விடுவித்தார்கள். மலேசியாவில், இந்தோனேசியாவில் ஷரீஆ நீதிமன்றத்தில் பெண்கள் நீதிபதிகளாக இருக்கிறார்கள். அவர்கள் தீனை விட்டுப் போய்விட்டார்களா? இங்கே பெண்கள் கேட்பது என்ன? தன் கலியாணத்தில் தான் கையெழுத்து வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் கலியாணம் கூடாது. பெண்ணும் காதியாக இருக்கலாம். இதில் வெளிநாட்டுக் காசு எங்கே இருக்கிறது? என் கிளினிக்குக்கு ஒரு பிள்ளை வந்தாள். வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையைப் பக்கத் தையல் அவிழ்த்து அகலமாக்கித் தைத்துப் போட்டிருந்தாள், வயிறு தெரியாமல் இருக்க. நிகாஹ் ஆகிவிட்டது, பதிவும் இருக்கிறது, எல்லாம் சட்டப்படி. குழந்தை அசைகிறது என்று நான் சொன்னபோது, அது தன்னைக் கடிக்குமா என்று என்னிடம் கேட்டாள். அவளை எந்த நாட்டுத் தூதரகமும் எனக்கு அனுப்பி வைக்கவில்லை. அவளுடைய வாப்பா கூட்டிக்கொண்டு வந்தார்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த தவணையிலேயே வழக்கு இன்னும் இழுபடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அந்தத் தவணைக்கு நாங்கள் காத்திருக்கவில்லை. ஊரில் இப்படி வழக்குகளுக்கு உதவுகிற பெண்கள் சிலர் இருக்கிறார்கள், நீ மண்டபத்தில் காசுக்குக் கூவுகிறவர்கள் என்றாயே, அவர்கள்தான். ஒருத்தி தன் வீட்டில் சோறு சமைத்து வைத்துவிட்டு, நோன்போடு எங்களுடன் கொழும்புக்கு பஸ்ஸில் வந்தாள். மேன்முறையீடு கேட்கிற காதிகள் சபையில் உன் தங்கச்சி தானே எழும்பி நின்று கதைத்தாள். முதலில் குரல் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், நோன்பு என்று சொன்னாள். அதைச் சொன்ன பிறகு குரல் வந்துவிட்டது. அடியைச் சொன்னாள், ஜன்னலுக்கு வெளியே அவன் சொன்னதைச் சொன்னாள், உன் போனையும் சொன்னாள். "என்னட்ட ஒண்டும் கேக்காம என்ட நானாட்ட கேட்டாங்க. அவர் எங்களோட இரிக்கல்ல, அவருக்கு ஒண்டும் தெரியா" என்றாள். அவ்வளவுதான் உன்னைப் பற்றிச் சொன்னாள். நான் என்றால் இன்னும் கூடுதலாகச் சொல்லியிருப்பேன்.

வழக்கை வேறொரு காதி புதிதாக விசாரிக்க வேண்டும் என்றார்கள். அந்தக் காதியார் முதல் கேள்வியாக அவள் பெயரைக் கேட்டார், பிறகு அவள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரையும் குறுக்கே பேச விடவில்லை. நான் சாட்சி சொன்னேன், பக்கத்து வீட்டு மாமி சொன்னா. அவன் ஒரு தவணைக்கு வந்தான், பிறகு வரவில்லை. பஸஹ் கிடைத்தது. அதற்குப் பிறகு இருக்க வேண்டிய இத்தாக் காலமும் முடிந்துவிட்டது. பூட்டை மாற்றியாயிற்று. அந்தக் கூடத்தில் அவன் இருந்த கதிரையை அவள் யாருக்கோ கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். தோற்றுப் போனதை அவனும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான்; உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதற்காக நான் வருந்தவில்லை. உனக்குத் தெரிந்திருந்தால் இன்னொரு போன் வந்திருக்கும்.

ஆக, சட்டம் நல்லது என்பதற்கு இதையே நீ சாட்சியாக எடுப்பாய் என்றும் எனக்குத் தெரியும். கடைசியில் கிடைத்ததுதானே என்பாய். ஒரு நல்ல மனிதர் அந்தக் கதிரையில் இருந்ததால் கிடைத்தது. கொழும்புக்குப் போக எங்களுக்குக் கால் இருந்தது, கதைக்க வாய் இருந்தது. அந்த வெள்ளைச் சட்டைப் பிள்ளைக்கு என்ன இருந்தது? நல்ல மனிதர் வாய்த்தால் நீதி, வாய்க்காவிட்டால் கிட என்பதை நான் அல்லாஹ்வின் சட்டம் என்று சொல்ல மாட்டேன். அவன் நீதியாளன். எழுதியதும் மனிதர், பிழைவிட்டதும் மனிதர், திருத்த வேண்டியதும் நாங்கள்தான்.

இன்னும் ஒன்று. நீ கலியாணம் முடிக்கப் போகிற பிள்ளை நேற்று மருதமுனையிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள், தன் தங்கச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு. வீடியோவைப் பார்த்திருக்கிறாள். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "மாமி, அவர் சொன்ன வீட்டுப் பொம்புளைகள் நீங்களும் மதினியும்தானே? உங்களுக்குக் குறை ஒண்டும் இல்லையா?" என்று கேட்டாள். நான் உன்னைப் பெற்றவள், ஒரு கணம் உன்னைக் காப்பாற்றத்தான் வாய் போனது. அதற்குள் உன் தங்கச்சி வந்து பக்கத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நிகாஹ் நாளிலிருந்து பூட்டு மாற்றிய நாள்வரை. உன் போனையும் சொன்னாள், நீ வீடு கட்ட எப்படி உழைத்தாய் என்பதையும் சொன்னாள். நான் தடுக்கவில்லை.

அந்தப் பிள்ளை அழவுமில்லை, உன்னை ஏசவுமில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் அவர்ட்டயே கேக்கன் மாமி. நாளைக்கு எனக்கு இப்பிடி வந்தா, என்னட்டக் கேப்பாரா, என்ட நானாட்டக் கேப்பாரா எண்டு. பதில் சரியில்லாட்டி வேணாம்" என்றாள். கேள் மகள் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உன்னைப் போனில் எடுப்பாள். காதியாருக்குச் சொன்னதை அவளுக்கும் அப்படியே சொல்லிப் பார். சொல்ல வாய் கூசினால், முதலில் உன் தங்கச்சியை எடுத்து அவளிடம் கதை, பிறகு எந்த மண்டபத்தில் எங்கள் பெயரைச் சொன்னாயோ அங்கேயே போய், அதே ஆட்களுக்கு முன்னால், நான் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று சொல்.

அந்தப் பிள்ளை ஓம் என்று சொன்னால் கலியாணத்துக்கு டிக்கட் போடு. பதிவில் அவளும் கையெழுத்து வைப்பாள், சட்டம் கேட்காவிட்டாலும் நான் பேனையோடு பக்கத்தில் நிற்பேன். அவள் சொல்லாவிட்டால் பெருநாளைக்கு வா. வீடு இருக்கும், சோறு இருக்கும், நாங்கள் இரண்டு பேரும் இருப்போம். கலியாணம் இருக்காது.

உம்மா